கல்லூரியில் தங்கிப் படைக்க: அமெரிக்கப் பூர்வகுடிக் கலைஞர்களுக்கான ரெசிடென்சிக்கு முதன்முறை விண்ணப்பிப்போர்க்கு ஒரு வழிகாட்டி

ஓர் ஓவியரையோ சிற்பியையோ நெசவாளரையோ ஒரு கல்லூரி சில வாரங்களுக்கு வரவழைத்து, தங்குமிடமும் ஸ்டூடியோவும் உதவித்தொகையும் அளித்து, அவருடைய சொந்த வேலையையே அங்கே செய்யச் சொல்வதைத்தான் ரெசிடென்சி என்கிறோம். பாடம் நடத்துவதற்கான நியமனம் அன்று இது, பட்டப்படிப்பும் அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பூர்வகுடிக் காண்பியக் கலைஞர்களுக்கென்றே நிதி ஒதுக்கப்பட்ட இத்தகைய இடங்கள் சில உள்ளன. அவற்றுள் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே நகரில் இயங்கும் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கன் இந்தியன் ஆர்ட்ஸ், சுருக்கமாக ஐஏஐஏ, என்ற கல்லூரியை முன்வைத்து, விண்ணப்பம் எழுதத் தொடங்குவதிலிருந்து ஸ்டூடியோவைக் காலிசெய்து திரும்புவது வரையான வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

இத்திட்டங்கள் வட அமெரிக்கப் பூர்வகுடியினருக்கு உரியவை. இந்தியக் குடியுரிமையோ தமிழ் வம்சாவளியோ இவற்றுக்குத் தகுதி ஆகாது. எனவே, அங்குள்ள கல்லூரிகளிலும் அருங்காட்சியகங்களிலும் பணிபுரிந்துகொண்டு, தமக்குத் தெரிந்த பூர்வகுடிக் கலைஞருக்கு விண்ணப்ப வேலையில் துணைநிற்க விரும்பும் தமிழ் வாசகர்களையும், இவ்வகைத் திட்டம் எப்படி நடைபெறுகிறது என்று படிக்க விரும்பும் கலை மாணவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். விண்ணப்பத்தின் எல்லாப் பக்கங்களும் இறுதியில் ஒரே கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: தம் ஊரில் இருந்தபடி செய்ய இயலாத எந்த வேலையை இக்கலைஞர் அந்தக் கல்லூரியில் செய்யப் போகிறார்? இந்தக் கேள்விக்கு விடை தெளிவாக இருந்தால் மற்றவை கைகூடும். விடை இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கலைஞரின் விண்ணப்பமும் வலுவிழந்துபோகும்.

இடத்தை அறிந்துகொள்ளுதல்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் அக்கல்லூரி எப்படி உருவானது என்று படித்துவிட வேண்டும். ஐஏஐஏ 1962இல் சாண்டா ஃபே இந்தியன் ஸ்கூல் வளாகத்தில் தொடங்கப்பட்டது. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரித்துவைத்து வளர்ப்பதற்காக உறைவிடப் பள்ளிகளைப் பல பத்தாண்டுகள் நடத்திய அதே அரசுத் துறை, தன் பள்ளி வளாகம் ஒன்றில் அவர்களுடைய கலைக்கென ஒரு நிறுவனத்தைத் திறந்தது பெரிய திருப்பம். செரோக்கி மரபினரான லாய்ட் கீவா நியூ அதன் முதல் கலை இயக்குநராக இருந்தார். மரபைத் தெரிந்துகொண்ட மாணவர் அதன் பழைய உருவங்களைத் திரும்பத் திரும்பப் படியெடுக்காமல் தம் காலத்துக்குரிய படைப்பைத் தேட வேண்டும் என்பது அங்கே வேரூன்றிய பயிற்சிமுறை. அப்பாச்சி சிற்பி ஆலன் ஹவுசர், ஹோப்பி நகைக்கலைஞர் சார்லஸ் லோலோமா, ஓவியர் ஃபிரிட்ஸ் ஷோல்டர் ஆகியோர் அங்கே கற்பித்தார்கள். கயோவா, கேடோ மரபுகளைச் சேர்ந்த டி.சி. கேனன் அங்கே மாணவராக இருந்தார். 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அது தனித்தியங்கும் நிறுவனமாயிற்று. 2000இல் நகருக்குத் தெற்கே தனக்கென அமைந்த வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது.

இந்த வரலாற்றுக்கும் விண்ணப்பத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தேர்வுக் குழுவினர் மரபுக் கலையின் நேர்த்தியை மட்டும் தேடுகிறவர்கள் அல்லர். மரபோடு வாதிடும் வேலையையும், புகைப்படம், வீடியோ, ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் நிறுவல் கலை போன்ற வடிவங்களையும் இயல்பாக ஏற்கிறவர்கள். கூடை முடைவோர் தம் கைவேலையை விட்டுவிட்டு நவீனமாகத் தோன்ற முயல வேண்டியதில்லை. நிறுவல் கலைஞர் தம் விண்ணப்பத்தில் இறகும் மணியும் தூவ வேண்டியதும் இல்லை. இந்த இரண்டு தடுமாற்றங்களையும் முதல் முறை எழுதுவோரிடம் காணலாம்; இரண்டையும் தொடக்கத்திலேயே களைந்துவிடுவது நல்லது.

கல்லூரியிடம் இருக்கும் வசதிகளையும் பட்டியலிட்டுக்கொள்ள வேண்டும். ஐஏஐஏ வளாகத்தில் ஆலன் ஹவுசரின் பெயர் தாங்கிய சிற்பக்கூடமும் உலோக வார்ப்பகமும் உள்ளன. பார்வையாளரின் தலைக்கு மேல் கவிந்த வளைபரப்பில் படத்தைக் காட்டும் டிஜிட்டல் டோம் என்ற அரங்கம் உள்ளது. நகர மையத்தில், தேவாலயத்துக்கு எதிரே, கல்லூரியின் தற்காலப் பூர்வகுடிக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் சேகரிப்பில் ஆயிரக்கணக்கான படைப்புகள் உள்ளன. மெழுகு மாதிரியிலிருந்து வெண்கலம் வார்க்கும் வசதி இல்லாத ஊரிலிருந்து வரும் சிற்பிக்கு அந்த வார்ப்பகமே விண்ணப்பத்தின் மையம் ஆகலாம். அறுபதுகளின் ஓவியங்களை நேரில் நின்று பார்த்துத் தம் வண்ணத்தெரிவை மறுபரிசீலனை செய்ய விரும்பும் ஓவியருக்கு அருங்காட்சியகச் சேகரிப்பு அந்த இடத்தைப் பெறும்.

ஐஏஐஏ பொருந்தாவிட்டால் வேறு வழிகளும் உள்ளன. அதே நகரில் 1907இல் தொடங்கப்பட்ட ஸ்கூல் ஃபார் அட்வான்ஸ்ட் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் பூர்வகுடிக் கலைஞர்களுக்கு நல்கை வழங்குகிறது. அங்குள்ள சேகரிப்பில் 12,000க்கும் மேற்பட்ட பானைகளும் நெசவுகளும் பிற பொருள்களும் இருப்பதால், முன்னோர் செய்தவற்றைக் கையில் எடுத்து ஆராய விரும்புவோர்க்கு அது ஏற்றது. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரிலுள்ள எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரியில் 1995இல் திறக்கப்பட்ட நெடுமனை (பூர்வகுடியினரின் நீண்ட மர வீட்டு மரபில் எழுந்த கூடம்), பொதுக் கல்லூரி வளாகம் ஒன்றில் எழுந்த அத்தகைய முதல் கட்டடம். மரச்செதுக்கு, நார்க்கலை ஆகியவற்றில் ஈடுபட்டோர்க்கு அதுவே இயல்பான வீடு. நியூ ஹாம்ப்ஷயரின் டார்ட்மத் கல்லூரி 1973இல் ஷோல்டரையும் 1975இல் கேனனையும் 1979இல் ஹவுசரையும் தங்கிப் பணிபுரிய அழைத்தது. மூவருமே சாண்டா ஃபே கல்லூரியோடு தொடர்புடையவர்கள் என்பதைக் கவனித்தால், ஓரிடத்தில் ஏற்படும் பழக்கம் அடுத்த இடத்தின் கதவைத் திறந்துவிடுவது எவ்வளவு பழைய வழக்கம் என்று புரியும்.

தகுதிச் சான்றுகள்

பெரும்பாலான திட்டங்கள், அமெரிக்க நடுவண் அரசு அங்கீகரித்த பூர்வகுடி அரசு (தன்னாட்சி கொண்ட பூர்வகுடிச் சமூகம்) ஒன்றில் கலைஞர் பதிவுபெற்ற உறுப்பினரா என்று கேட்கும். உறுப்பினர் அட்டையின் படி அல்லது அந்தப் பூர்வகுடி அரசின் பதிவு அலுவலகம் அளிக்கும் கடிதம் போதுமானது. அந்தக் கடிதத்தைப் பெறுவதற்கு வாரக்கணக்கில் ஆகக்கூடும் என்பதால் மற்ற வேலைகளுக்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும். மாநில அரசு மட்டும் அங்கீகரித்த சமூகங்கள், கனடாவின் முதற்குடிகள், ஹவாய்ப் பூர்வகுடியினர் ஆகியோரை ஏற்பது பற்றித் திட்டத்துக்குத் திட்டம் விதி வேறுபடுகிறது. அறிவிப்பின் தகுதிப் பத்தியை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் படிக்க வேண்டும், சென்ற ஆண்டு நண்பர் சொன்னதை நம்பிவிடக் கூடாது.

தம்மைப் பற்றி எழுதும் சொற்களிலும் இங்கே மிகுந்த கவனம் தேவை. 1990ஆம் ஆண்டின் பூர்வகுடிக் கலை, கைவினைப் பொருள் சட்டம், பூர்வகுடியினரின் படைப்பு என்று பொய்யாகச் சொல்லி விற்பதைக் குற்றமாக்குகிறது. தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. ஸ்டூடியோவில் நடைபெறும் சிறு விற்பனைக்கும் இச்சட்டம் பொருந்தும். பதிவுபெற்ற உறுப்பினர் என்பதும் இன்னாரின் வழிவந்தவர் என்பதும் சட்டத்தின் முன் வெவ்வேறானவை. உறுப்பினர் அல்லாத வழித்தோன்றல் தம் படைப்பைப் பூர்வகுடிப் படைப்பு என்று விற்க வேண்டுமானால் உரிய பூர்வகுடி அரசு அவரைக் கைவினைஞராகச் சான்றளித்திருக்க வேண்டும். குடும்ப வரலாற்றைப் பெருமையோடு எழுதலாம். ஆனால் எது பதிவு, எது வம்சாவளி என்பதை ஒரே வாக்கியத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டிவிடுவதே நேர்மை, பாதுகாப்பும் அதுவே.

கனடாவில் பிறந்த பூர்வகுடிக் கலைஞர்களுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் செய்துகொண்ட 1794ஆம் ஆண்டின் ஜே ஒப்பந்தத்திலிருந்து கிளைத்த ஓர் உரிமை இன்றும் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் நிலைத்திருக்கிறது. பூர்வகுடி இரத்தவழி குறைந்தது 50 விழுக்காடு என்று நிறுவக்கூடியவர் விசா இன்றி எல்லை கடந்து அமெரிக்காவில் தங்கவும் வேலை செய்யவும் முடியும். கனடா அரசு அளிக்கும் பூர்வகுடித் தகுதி அட்டை மட்டும் இதற்குப் போதாது. இரத்தவழி விழுக்காட்டைக் குறிப்பிட்டுச் சமூக அலுவலகம் தரும் கடிதமும் முழு விவரமுள்ள பிறப்புச் சான்றிதழும் கைவசம் வேண்டும். இந்த உரிமையை அறியாமல் விசாவுக்கு அஞ்சி விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. விழுக்காட்டைக் கொண்டு மனிதரை அளக்கும் விதி எனக்கு ஏற்புடையதன்று. ஆயினும் அது உள்ளவரை அதைத் தெரிந்துவைத்துப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

முன்மொழிவை எழுதுதல்

பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கங்களுக்குள் அடங்க வேண்டிய முன்மொழிவில் முதல் பத்தியே வேலையைச் சொல்லிவிட வேண்டும். "என் கலைப்பயணத்தை ஆழப்படுத்த விரும்புகிறேன்" என்று தொடங்கும் விண்ணப்பம் எவர் எழுதியதாகவும் இருக்கலாம். மாறாக, "என் பாட்டியின் நெசவில் காணப்படும் படிக்கட்டு வடிவத்தை நான்கு அடி உயர வெண்கலப் பலகைகளாக வார்க்கப் போகிறேன், முதல் வாரத்தில் மெழுகு மாதிரிகள், இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அச்சும் வார்ப்பும், கடைசி வாரத்தில் மெருகும் நிறமேற்றலும்" என்று எழுதினால் படிப்பவருக்கு வேலையும் கால அளவும் இடத்தின் தேவையும் ஒருசேரப் புலப்படும். இது ஒரு கற்பனை எடுத்துக்காட்டே. ஆனால் இந்த அளவுக்குப் பருப்பொருளாக எழுத முடியாத திட்டம் இன்னும் கனியவில்லை என்றே கொள்ளலாம்.

வாரக் கணக்கில் அளவு மீறாதிருப்பதும் முக்கியம். வந்து சேர்ந்து, பொருள்களைப் பிரித்து, புதிய இடத்தின் உலையையும் வெளிச்சத்தையும் பழகிக்கொள்ளவே முதல் வாரத்தின் பெரும்பகுதி போய்விடும். நான்கு வார ரெசிடென்சியில் மூன்று வார வேலையைத் திட்டமிடுவது அறிவுடைமை. தேர்வுக் குழுவில் பெரும்பாலும் கலைஞர்களே அமர்ந்திருப்பதால், நடவாத கணக்கை அவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

முன்மொழிவோடு சேரும் கலைஞர் கூற்று வேறொரு வேலையைச் செய்கிறது. முன்மொழிவு வரப்போகும் வாரங்களைப் பற்றியது. கலைஞர் கூற்று இதுவரை செய்தவற்றைப் பற்றியது. எந்தப் பொருளைக் கையாளுகிறார், யாரிடம் கற்றார், எந்தக் கேள்வி அவரை விடாமல் துரத்துகிறது என்பவை அதில் இடம்பெற வேண்டும். குடும்பத்தில் கற்ற கலையாக இருந்தால், கற்றுக்கொடுத்த பாட்டி, அத்தை, மாமன் ஆகியோரை ஆசிரியர்களாகவே குறிப்பிட வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் கூச்சப்பட்டுப் பின்வாங்குகிறார்கள். அப்படிப் பின்வாங்கத் தேவையே இல்லை. நாற்பது ஆண்டு பாய் முடைந்த கையிடமிருந்து கற்றது குறைந்த கல்வி அன்று, இத்தகைய கல்லூரிகளில் அதை உணர்ந்தவர்களே குழுவில் இருப்பார்கள்.

எழுதும் உதவிக்கு அமரும் நண்பர், கலைஞர் பேசுவதை முதலில் முழுமையாகக் கேட்டு, அவர் சொன்ன சொற்களைக் கொண்டே வரைவை அமைக்க வேண்டும். உதவுகிறவரின் அழகிய நடை விண்ணப்பத்தில் ஏறிக்கொண்டால், நேர்காணலில் கலைஞர் பேசத் தொடங்கும்போது இரண்டும் ஒட்டாமல் நிற்கும்.

சமூகத்தின் இசைவு

இந்தப் படி பல பொதுவான வழிகாட்டிகளில் இல்லை; என் கருத்தில் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ஒரு பூர்வகுடிக் கலைஞர் கையாளும் உருவங்கள் அனைத்தும் அவருடைய தனி உடைமை ஆகிவிடுவதில்லை. சில உருவங்கள் ஒரு குடும்பத்துக்கும் சில ஒரு குலத்துக்கும் உரியவை. சில குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் பேசப்படுபவை. சில வெளியார் கண்ணில் படவே கூடாதவை. நவஹோ மக்களின் மணலோவியங்கள் நோய்நீக்கும் சடங்கின் பகுதி. சடங்கு முடிந்ததும் அவை கலைக்கப்பட்டுவிடும். விற்பனைக்காக மணலோவியம் செய்வோர் அதன் உருவங்களையும் நிறங்களையும் வேண்டுமென்றே சற்று மாற்றியே அமைக்கிறார்கள். கலைஞரின் சுதந்திரமும் சமூகத்தின் கடமையும் மோதாமல் அமைய அவர்களே கண்ட வழி அது.

சாண்டா ஃபேயிலேயே இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. மேரி கபோட் வீல்ரைட் என்ற அம்மையாரும் ஹஸ்தீன் க்ளா என்ற நவஹோ சடங்குப் பாடகரும் இணைந்து 1937இல் நவஹோ சடங்குக் கலைக்கான அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார்கள். 1977இல் அந்த அருங்காட்சியகம் தன்னிடமிருந்த சடங்குக்குரிய புனித மருத்துவப் பொதிகளை நவஹோ மக்களிடமே திருப்பிக் கொடுத்தது. அதன் பெயரும் மாறிற்று. பூர்வகுடியினரின் உடல் எச்சங்களையும் புனிதப் பொருள்களையும் திருப்பியளிக்கக் கட்டாயப்படுத்தும் நாட்டுச் சட்டம் 1990இல்தான் வந்தது என்பதை நினைத்தால், அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே நிகழ்ந்த இந்தச் செயலின் பெருமை விளங்கும்.

ஆகவே விண்ணப்பத்தை அனுப்பும் முன் கலைஞர் தம் மூத்தோரிடமோ பண்பாட்டு அலுவலகத்திடமோ சென்று, எதைப் படைக்கப் போகிறேன், எங்கே காட்டப் போகிறேன், மாணவர்கள் பார்ப்பார்கள், கல்லூரி படம் எடுத்து வெளியிடும் என்ற விவரங்களைச் சொல்லி இசைவு பெற வேண்டும். மறுப்பு வந்தால் திட்டத்தை மாற்ற அப்போது காலம் இருக்கும். இசைவு கிடைத்தால், முன்மொழிவில் அதை ஒரு வரியில் குறிப்பிடலாம். எதைக் காட்டப் போவதில்லை என்பதையும் சொல்லிவிடலாம். அந்த வரி குழுவுக்குத் தரும் நம்பிக்கை பெரிது.

படங்களும் பரிந்துரைகளும்

படைப்புகளின் படங்களே பெரும்பாலும் முதல் சுற்றைத் தீர்மானிக்கின்றன. நேரடி வெயில் படாத திறந்த நிழலில், சாம்பல் நிறப் பின்னணியில், படைப்பின் மையத்துக்கு நேராகக் கேமராவை நிறுத்தி எடுத்தாலே போதும். விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. முப்பரிமாணப் படைப்புக்கு முழுத் தோற்றம் ஒன்றும் நெருங்கிய தோற்றம் ஒன்றும் வேண்டும். தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் பட்டியலிட வேண்டும். பத்துப் படங்கள் கேட்டால், மிகச் சிறந்ததை முதலிலும் அதற்கு அடுத்ததை இறுதியிலும் வைக்க வேண்டும். முன்மொழியும் வேலையோடு தொடர்பில்லாத பழைய பாணிப் படைப்புகளை, அவை எவ்வளவு பரிசு பெற்றவையாயினும், விட்டுவிடுவதே மேல்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் புகழ்பெற்ற பெயரைத் தேட வேண்டாம். கலைஞர் வேலை செய்வதை நேரில் கண்ட ஒருவர் போதும். அவருக்கு முன்மொழிவின் படியை ஒரு மாதத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

பணக் கணக்கு

உதவித்தொகை என்ற சொல்லைப் பார்த்தவுடன் மகிழ்ந்துவிடாமல், அது எவற்றையெல்லாம் உள்ளடக்குகிறது என்று கேட்டறிய வேண்டும். தங்குமிடம் தனியா, தொகையிலிருந்து கழிக்கப்படுமா? பயணச் செலவும் பொருள் செலவும் தனியாகத் தரப்படுமா? பணம் வந்து சேர்ந்ததும் கிடைக்குமா, பகுதி பகுதியாகவா, முடிந்த பிறகா? கையில் சேமிப்பு இல்லாத கலைஞருக்குக் கடைசிக் கேள்வியே மிகப் பெரியது. முழுத் தொகையும் முடிவில்தான் என்றால், விமானச் சீட்டையும் முதல் வார உணவையும் வாங்கக் கடன் பட வேண்டியிருக்கும். முன்பணம் கேட்பது தவறன்று. கேட்டால் பல கல்லூரிகள் ஏற்பாடு செய்யும்.

இழக்கப்போகும் வருமானத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பகுதிக் கலைஞர் பலரின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு, 1922இல் தொடங்கி ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் சாண்டா ஃபே நகரச் சதுக்கத்தைச் சுற்றி நடைபெறும் இந்தியன் மார்க்கெட் என்ற கலைச்சந்தையில் ஈட்டப்படுவது. அதற்கான சரக்கு வசந்த காலத்திலேயே உருவாக வேண்டும். வசந்தத்தில் ரெசிடென்சிக்குச் செல்பவர் ஆகஸ்ட்டில் விற்க என்ன வைத்திருப்பார் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். முடிந்தால் இலையுதிர்காலப் பருவத்தைத் தெரிவுசெய்வது இவர்களுக்கு நல்லது.

பட்டப்படிப்பில் சேராதவர் பெறும் உதவித்தொகை அமெரிக்க வருமான வரிக்கு உட்பட்டது. பெரும்பாலும் கல்லூரி வரியைப் பிடித்துக்கொள்ளாமல் முழுத் தொகையையும் கொடுத்துவிடும். அடுத்த ஆண்டு வரிப் படிவம் வரும்போது பணம் செலவாகியிருக்கும். தொகையில் கால் பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைத்துவிட்டு, பொருள்களுக்கும் பயணத்துக்கும் ஆன எல்லா ரசீதுகளையும் பாதுகாத்து, வரி ஆலோசகரிடம் காட்டுவது என் உறுதியான அறிவுரை. முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவியைப் பெறுபவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அவ்வுதவிக்குத் தனிநபரின் சேமிப்பு 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே தவணையில் பெருந்தொகை வங்கியில் விழுந்தால் மாதாந்தர உதவியே நின்றுபோகக்கூடும். அத்தகையோர் ஒப்புக்கொள்வதற்கு முன் நலத்துறை ஆலோசகரைச் சந்திக்க வேண்டும்.

மருத்துவத்தைப் பற்றியும் ஒரு சொல். அரசு அங்கீகரித்த பூர்வகுடிகளின் உறுப்பினர், நாட்டின் எந்தப் பகுதியிலுள்ள இந்தியன் ஹெல்த் சர்வீஸ் (பூர்வகுடியினருக்கான அமெரிக்க அரசின் மருத்துவச் சேவை) மருத்துவமனையிலும் நேரடிச் சிகிச்சை பெறலாம். சாண்டா ஃபேயிலும் அத்தகைய மருத்துவமனை உள்ளது. ஆனால் அங்கிருந்து வெளி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால், அந்தச் செலவை ஏற்பது வழக்கமாக அவரவர் சொந்த வட்டாரத்தில் வசிப்போர்க்கு மட்டுமே. நீரிழிவுக்கோ இதயத்துக்கோ தொடர் சிகிச்சை பெறுபவர் வேறு காப்பீடு வைத்திருப்பதும், மருந்துகளை முழுக் காலத்துக்கும் எடுத்துச் செல்வதும் அவசியம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

தேர்வுக் கடிதத்தோடு ஒப்பந்தம் வரும். ரெசிடென்சியில் உருவாகும் படைப்பு யாருக்கு உரியது என்ற வரியை முதலில் தேட வேண்டும். பதிப்புரிமையும் படைப்பும் கலைஞரிடமே இருக்க வேண்டும். நிறுவனத்துக்காகக் கூலிக்குச் செய்த வேலை என்ற பொருள்படும் வரி இருந்தால் நீக்கக் கேட்க வேண்டும். கல்லூரி ஒரு படைப்பை நன்கொடையாகக் கேட்டால், எதை என்று தெரிவுசெய்யும் உரிமை கலைஞருடையது என எழுதிக்கொள்ள வேண்டும். 1990இல் இயற்றப்பட்ட காண்பியக் கலைஞர் உரிமைச் சட்டம், ஓவியத்தையும் சிற்பத்தையும் சிதைப்பதிலிருந்தும் பெயரை நீக்குவதிலிருந்தும் கலைஞருக்கு வாழ்நாள் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் எழுத்து மூலம் அதை விட்டுக்கொடுக்கவும் சட்டம் இடந்தருகிறது. சுவரோவியம் தீட்டச் சொல்லும் ஒப்பந்தங்களில் இந்த விட்டுக்கொடுப்பு வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். படமெடுத்தல் பற்றிய வரியில், மூத்தோர் விலக்கிய உருவங்களுக்கு விதிவிலக்குக் கேட்கலாம்.

பொருள்களும் பயணமும்

இறகு, எலும்பு, தந்தம் ஆகியவற்றைக் கையாளுவோர் சட்டத்தை அறிந்தே மூட்டை கட்ட வேண்டும். கழுகு இறகைச் சமயத் தேவைக்காக வைத்திருக்கப் பதிவுபெற்ற உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை விற்பதும் வாங்குவதும் பண்டமாற்றுச் செய்வதும் எவர்க்கும் குற்றம். கழுகு இறகு பொருத்திய படைப்பை ஸ்டூடியோ விற்பனையில் வைக்கவே கூடாது. அலாஸ்காப் பூர்வகுடியினர் வால்ரஸ் தந்தத்தில் கைவினைப்பொருள் செய்து விற்க 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் விலக்களிக்கிறது. எனினும் தந்த விற்பனைக்குத் தனித்தடை விதித்துள்ள மாநிலங்கள் இருப்பதால் செல்லும் மாநிலத்தின் விதியைக் கேட்டறிவது நல்லது.

சாண்டா ஃபே கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், வறண்ட காற்றில் அமைந்த நகரம். ஈரமான பசிபிக் கரையிலிருந்து செதுக்குவதற்கு மரக்கட்டை கொண்டுவருபவர் அதன் முனைகளை மெழுகால் அடைத்து, வேலை இல்லாத நேரமெல்லாம் மூடிவைக்காவிட்டால் கட்டை வெடித்துவிடும். களிமண் திரியடுக்கிப் பானை வனைவோர்க்கு ஈரத்துணியும் பிளாஸ்டிக் உறையும் எப்போதும் பக்கத்தில் வேண்டும். உடலுக்கும் முதல் சில நாள்கள் தலைவலியும் களைப்பும் வரலாம். நிறையத் தண்ணீர் குடித்து, பளு தூக்கும் வேலைகளை முதல் வாரத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் வருவோர் பெரும்பாலும் ஆல்புகர்க்கியில் இறங்குகிறார்கள். அங்கிருந்து ரயில் இருக்கிறது. வளாகமோ நகர மையத்திலிருந்து தொலைவில் இருப்பதால், கார் இல்லாதவர் கல்லூரியின் போக்குவரத்து ஏற்பாட்டை முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

வளாகத்தில் இருக்கும் வாரங்கள்

வரவேற்பு விருந்து, மாணவரோடு உரையாடல், திறந்த ஸ்டூடியோ ஆகிய நிகழ்ச்சிகள் ஐஏஐஏ ரெசிடென்சியின் இயல்பான பகுதிகள். நாட்டின் பல பகுதிகளிலிருந்து, வெவ்வேறு மொழி மரபுகளிலிருந்து வந்த இளைஞர்கள் கதவருகே நின்று பார்ப்பார்கள். அவர்களில் சிலர் தம் சமூகத்தைச் சேர்ந்த முழுநேரக் கலைஞர் ஒருவரை அப்போதுதான் முதன்முதலாக அருகில் காண்பவர்களாக இருப்பார்கள். ஆகவே கதவைத் திறந்துவைக்கும் மணிகளையும் மூடி வேலை செய்யும் மணிகளையும் முதல் நாளே எழுதி ஒட்டிவிடுவது இருவருக்கும் நல்லது. வேலைக்காக வந்தவர் நாள் முழுதும் பேசிக்கொண்டே இருந்துவிட்டால் திட்டம் நிறைவேறாது. கதவை மூடியே வைத்தால் கல்லூரியில் தங்கியதன் பொருளே போய்விடும்.

சாண்டா ஃபே டேவா மக்களின் நிலத்தில் அமைந்தது. டெசுகே, நம்பே, சான் இல்டிஃபான்சோ, சாண்டா கிளாரா முதலிய பியூப்ளோ ஊர்கள் அருகிலேயே உள்ளன. வேறு பூர்வகுடியைச் சேர்ந்த கலைஞரும் அங்கே விருந்தினரே. திருவிழா நாள்களில் பல பியூப்ளோக்கள் வெளியாரை வரவேற்கும். ஆனால் படமெடுப்பதும் குறிப்பேட்டில் கோட்டோவியம் வரைவதும் தடைசெய்யப்பட்டிருக்கும். ஓவியர்கள் கை அரிப்பை அடக்கிக்கொண்டு பார்க்க மட்டுமே வேண்டும். பியூப்ளோ நிலத்திலிருந்து களிமண்ணோ நிறமண்ணோ எடுப்பது அந்த ஊராரின் அழைப்பின்றி ஒருபோதும் கூடாது. கரும்பளபளப்புப் பானைகளால் உலகறிந்த மரியா மார்டினெஸின் ஊரான சான் இல்டிஃபான்சோவில் மண் எடுக்கும் இடம் என்பது குடும்பங்கள் காத்துவரும் உரிமை.

திரும்புவதற்கு முன்

கடைசி வாரத்தில் புதிய படைப்பு எதையும் தொடங்காமல், முடிந்தவற்றைப் படமெடுத்து, அளவும் பொருளும் எழுதி, பெட்டிகட்டும் வேலைக்கு இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். சிற்பங்களை அனுப்பும் செலவை யார் ஏற்பது, வழியில் உடைந்தால் காப்பீடு யாருடையது என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். நிதி வழங்கிய அறக்கட்டளைக்குக் கல்லூரி அறிக்கை அனுப்ப வேண்டியிருப்பதால், கலைஞரிடமும் ஓரிரு பக்கக் குறிப்புக் கேட்கும். ஊருக்குத் திரும்பிய பின் எழுதலாம் என்று தள்ளிப்போடாமல் வளாகத்திலேயே முடித்துவிடுவது நல்லது, ஏனெனில் மீதித் தவணை பெரும்பாலும் அதன் பிறகே விடுவிக்கப்படும். வார்ப்பகப் பொறுப்பாளர், அருங்காட்சியகச் சேகரிப்பைத் திறந்து காட்டியவர், அடிக்கடி வந்த மாணவர்கள் ஆகியோரின் பெயரையும் முகவரியையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த விண்ணப்பத்துக்கான பரிந்துரையாளர் அவர்களிலிருந்தே கிடைப்பார். படைப்புகள் ஊர் வந்து சேர்ந்ததும், இசைவு தந்த மூத்தோரிடம் அவற்றை முதலில் காட்டிவிட்டு, பிறகு கண்காட்சிக்கு அனுப்பலாம்.